ஜேம்ஸ் லாசன்: அடி வாங்கப் பழக்கியவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தில் முன்நின்ற போதகர் ஜேம்ஸ் லாசன், 2024 ஜூன் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸில் தம் 95ஆம் வயதில் காலமானார். அவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

இப்படி ஒருவரைக் கேள்விப்பட்டதே இல்லையே?

பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டதில்லை. குடிமை உரிமைப் போராட்டம் என்றதும் நமக்கு மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ் என்று இரண்டு பெயர்கள் வரும். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் மால்கம் எக்ஸையும் சேர்ப்பார்கள். லாசன் பெயர் அந்த வரிசையில் வருவதில்லை. ஆனால் உலகிலேயே அகிம்சையின் முதன்மையான சிந்தனையாளர், வியூகம் வகுப்பவர் என்று இவரைச் சொன்னவர் அந்தக் கிங்தான்.

அகிம்சை நல்லது என்று சொல்ல அந்தக் காலத்திலும் நிறையப் பேர் இருந்தார்கள். லாசன் அதை ஒரு தொழில்போலக் கற்றுக்கொடுத்தார். நீச்சல் நல்லது என்று பிரசங்கம் செய்வதும், ஒருவரைத் தண்ணீரில் இறக்கிக் கையைக் காலை அசைக்க வைப்பதும் ஒன்றல்ல. இவர் இரண்டாவது வேலையைச் செய்தார்.

எங்கே பிறந்தார்? சின்ன வயதிலேயே இப்படித்தானா?

1928 செப்டம்பர் 22 அன்று பென்சில்வேனியாவின் யூனியன்டவுனில் பிறந்தார். வளர்ந்தது ஒஹாயோ மாநிலத்தின் மாசிலன் ஊரில். அப்பாவும் போதகர்தான். ஆனால் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் ஊழியம் செய்த நாட்களில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொண்டவர். அம்மா பிலேன் ஜமைக்காவிலிருந்து வந்தவர். வீட்டில் வன்முறையே கூடாது என்று உறுதியாக இருந்தவர் அவர்தான்.

பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அம்மா சொன்ன வேலையாகக் கடைத்தெருப் பக்கம் போயிருக்கிறார் லாசன். காரில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் இனத்தைச் சொல்லித் திட்டினான். இவர் நேராகப் போய் அவனை ஓங்கி அறைந்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னால் அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சமைத்துக்கொண்டே, "ஜிம்மி, அதனால் என்ன நல்லது நடந்தது?" என்று மட்டும் கேட்டார். வாழ்நாள் முழுக்க லாசன் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால், பிறவியிலேயே சாது என்று நினைக்க வேண்டாம். கை நீட்டிய பையன்தான்.

சிறைக்குப் போனாராமே? போராட்டத்திலா?

முதல் சிறைவாசம் போராட்டத்துக்கெல்லாம் முன்னால். கொரியப் போர் நடந்த சமயம். கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. அவர் கல்லூரி மாணவர், போதகராகப் போகிறவர். இரண்டில் எந்தக் காரணத்தைக் காட்டினாலும் விலக்குக் கிடைத்திருக்கும். அவர் விலக்கே கேட்கவில்லை. இந்தச் சட்டமே தவறு, இதில் சலுகை வாங்குவதும் தவறு என்று சொல்லிவிட்டார். 1951-இல் உள்ளே போனவர் 13 மாதங்கள் சிறையில் இருந்தார்.

இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பின்னாளில் மாணவர்களைப் பார்த்து "சிறைக்குப் போகத் தயாராகுங்கள்" என்று சொன்னவர், சிறையின் வாசனை தெரிந்த பிறகே அதைச் சொன்னார்.

இந்தியாவுக்கு வந்திருக்கிறார் என்பது உண்மையா?

உண்மை. சுற்றிப் பார்க்க வந்தவரும் அல்ல. 1953 முதல் 1956 வரை மூன்று ஆண்டுகள் நாக்பூரில் இருந்தார். மெதடிஸ்ட் சபையின் மிஷனரியாக வந்து, அங்கே ஹிஸ்லாப் கல்லூரியில் மாணவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுத்தார். காந்தி கொல்லப்பட்டு அப்போது ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. காந்தியின் எழுத்துகளை அவர் ஊரில் இருக்கும்போதே படித்திருந்தார். இங்கே வந்ததும் சத்தியாகிரகம் என்பது புத்தக விஷயமாக இல்லாமல், நேற்று நடந்த விஷயமாக ஆனது. அதில் நின்றவர்கள், சிறை சென்றவர்கள் கண்முன்னே நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

1955 டிசம்பரில் ஒருநாள் 'நாக்பூர் டைம்ஸ்' பத்திரிகையைப் பிரித்தார். அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏற மறுத்து நடந்தே வேலைக்குப் போகிறார்கள், அவர்களுக்குத் தலைமை ஓர் இளம் போதகர் என்று செய்தி. லாசன் அறையில் துள்ளிக் குதித்துவிட்டார். எதைக் கற்றுக்கொள்ள இவ்வளவு தூரம் வந்தாரோ, அது அவர் சொந்த நாட்டிலேயே தொடங்கியிருந்தது.

காந்தியிடமிருந்து கிங், கிங்கிடமிருந்து உலகம் என்று நேர்க்கோடு போட்டு எழுதுகிறார்கள். அந்தக் கோடு நாக்பூரில் ஒரு விளையாட்டு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

கிங்கை எப்போது சந்தித்தார்?

1957 பிப்ரவரியில், ஒஹாயோவின் ஓபர்லின் கல்லூரியில். கிங் பேச வந்திருந்தார், லாசன் அங்கே இறையியல் படித்துக்கொண்டிருந்தார். இருவருக்குமே வயது 28. படிப்பை முடித்துவிட்டுத் தெற்கே வந்து வேலை செய்யலாம் என்றிருக்கிறேன் என்று லாசன் சொல்ல, காத்திருக்காதே, இப்போதே வா, உன்னைப்போல் ஒருவர் எங்களிடம் இல்லை என்றார் கிங். 1958-இல் லாசன் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் குடியேறினார். அங்கே வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் இறையியல் பள்ளியில் சேர்ந்துகொண்டார்.

அந்தப் பயிற்சி வகுப்பு என்கிறார்களே, அதில் அப்படி என்னதான் நடந்தது?

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் அன்றைய நாஷ்வில் நிலவரம். நகரின் பெரிய கடைகளில் கறுப்பினத்தவர் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம், பணம் கொடுக்கலாம். அதே கடைக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. பை நிறையச் சாமான் வாங்கிவிட்டுக் குழந்தை பசிக்கிறது என்று அழுதால், அம்மா சமாதானம் சொல்லி வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். லாசன் முதலில் செய்த வேலை, இந்தப் பெண்களிடம் உட்கார்ந்து பேசியதுதான். எதை எதிர்ப்பது என்பது அவர்கள் வாயிலிருந்து வந்தது.

பிறகு 1959 இலையுதிர் காலத்திலிருந்து கிளார்க் மெமோரியல் மெதடிஸ்ட் தேவாலயத்தில் வாரந்தோறும் மாணவர்களுக்கு வகுப்பு. வந்தவர்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். ஜான் லூயிஸ், டயான் நாஷ், பெர்னார்ட் லஃபாயட், ஜேம்ஸ் பெவல், மேரியன் பேரி. இவர்களில் லூயிஸ் பின்னாளில் 33 ஆண்டுகள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். பேரி தலைநகர் வாஷிங்டனின் மேயர் ஆனார். அன்று இவர்களில் யாரும் பிரபலம் இல்லை.

வகுப்பில் கொஞ்சம் பைபிள், கொஞ்சம் காந்தி, கொஞ்சம் வரலாறு. அப்புறம் நாற்காலிகளைக் கவுண்டர் மாதிரி வரிசையாகப் போடுவார்கள். சிலர் உட்கார வேண்டும். மற்றவர்கள் அடியாட்களாக நடிக்க வேண்டும். நடிப்பு என்றால் சும்மா இல்லை. கெட்ட வார்த்தையில் திட்டுவது, முகத்தில் சிகரெட் புகையை ஊதுவது, தலையில் எதையாவது ஊற்றுவது, நாற்காலியிலிருந்து இழுத்துக் கீழே தள்ளுவது. உட்கார்ந்திருப்பவர் திருப்பித் திட்டக் கூடாது, கை ஓங்கக் கூடாது, ஓடவும் கூடாது. கீழே விழுந்தால் உடம்பைச் சுருட்டித் தலையைக் காத்துக்கொள்வது எப்படி, பக்கத்தில் ஒருவர் அடிபட்டால் நடுவில் புகுந்து அடியைப் பங்குபோட்டுக்கொள்வது எப்படி, அடிப்பவர் கண்ணைப் பார்ப்பது எப்படி, இதெல்லாம் பாடம். ஒத்திகை முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள்: எப்போது கோபம் வந்தது, எந்த வார்த்தை சுட்டது, ஏன்?

போராட்டம் தொடங்கிய பிறகு மாணவர்கள் ஒரு தாளில் விதிகளை எழுதிக் கையோடு எடுத்துப் போனார்கள். அடித்தாலும் திட்டினாலும் திருப்பிச் செய்யாதே. சத்தமாகச் சிரிக்காதே. குழுத் தலைவர் சொல்லாமல் இருக்கையை விட்டு எழாதே. நிமிர்ந்து உட்கார், முகம் கவுண்டர் பக்கம் இருக்கட்டும். மரியாதையாக நடந்துகொள். கடைசியில் இயேசு, காந்தி, கிங் மூவரின் போதனையை நினைத்துக்கொள்.

சிரிக்காதே என்பதையும் ஒரு விதியாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். பயத்தில் இருபது வயதுக்காரர்களுக்குச் சிரிப்பு வரும் என்று தெரிந்தவர்கள்தான் இதை எழுத முடியும்.

பயிற்சி பலித்ததா?

பலித்தது, மூன்று மாதத்தில்.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் கவுண்டரில் உட்கார்ந்தது நாடு முழுக்கச் செய்தியானது. நாஷ்வில் மாணவர்கள் அதற்கு முன்பே, 1959 இறுதியில், இரண்டு கடைகளில் போய் உட்கார்ந்து சோதித்துப் பார்த்திருந்தார்கள். பிப்ரவரி 13 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் நல்ல உடை உடுத்தி, கையில் பாடப்புத்தகத்தோடு மூன்று கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். பிப்ரவரி 27, சனிக்கிழமை, வெள்ளை இளைஞர் கும்பல் புகுந்து அடித்தது. போலீஸ் வந்தது. அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்ட மாணவர்கள் 81 பேரைக் கைது செய்தது. ஒரு வரிசையைக் கைது செய்து வெளியே கொண்டுபோனால், அடுத்த வரிசை வந்து அதே இருக்கைகளில் உட்கார்ந்தது. போலீசுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அபராதம் கட்டச் சொன்னால், கட்ட மாட்டோம், சிறைக்கே போகிறோம் என்றார்கள்.

இன்னொரு பக்கம் கறுப்பினக் குடும்பங்கள் ஈஸ்டர் பண்டிகைச் சமயத்தில் நகரக் கடைகளில் எதுவும் வாங்காமல் நிறுத்தின. பண்டிகைக்குப் புதுத்துணி வாங்காமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர்களுக்கு வலித்தது இதில்தான்.

ஏப்ரல் 19 விடியற்காலை, மாணவர்களுக்காக வாதாடிய கறுப்பின வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் டைனமைட் வீசப்பட்டது. எதிரே இருந்த மருத்துவக் கல்லூரியின் ஜன்னல் கண்ணாடிகள்கூட நொறுங்கின. லூபியும் மனைவியும் உயிர் தப்பினார்கள். அன்றே ஆயிரக்கணக்கானோர் கோஷம் எதுவும் போடாமல் நகர மன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். நடக்கும் சத்தம் மட்டும். படியில் வந்து நின்ற மேயர் பென் வெஸ்ட்டிடம் டயான் நாஷ் நேருக்கு நேர் கேட்டார்: நிறத்தை வைத்து ஒருவரை ஒதுக்குவது சரி என்று நினைக்கிறீர்களா? மேயர் இல்லை என்றார். மே 10 அன்று ஆறு கடைகளின் கவுண்டர்கள் எல்லோருக்கும் திறந்தன.

பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியதாமே?

ஆம். 1960 மார்ச் 3 அன்று வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. பட்டம் வாங்கச் சில மாதங்களே இருந்தன. மறுநாள் போலீஸ் அவரைத் தேவாலயத்தில் வைத்துக் கைது செய்தது. பல்கலைக்கழகம் எதிர்பார்க்காதது அதன் பிறகு நடந்தது: இறையியல் பள்ளியின் முதல்வரும் பேராசிரியர்கள் பலரும் கண்டித்து ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். கடைசியில் சமரசம் பேசி, பட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்றது நிர்வாகம். லாசன் அதற்குள் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், அங்கேயே பட்டம் வாங்கினார்.

திருப்பி அடிக்காமல் இருப்பது கோழைத்தனம் இல்லையா?

அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதுவும் அடி வாங்கிப் பழகிய சமூகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வாங்கு என்று சொல்வது எவருக்கும் எரிச்சலூட்டும்.

லாசன் சொன்னது பொறுத்துப் போ என்பதல்ல. நாஷ்வில்லில் நடந்ததைப் பாருங்கள். கடை வியாபாரம் படுத்தது, சிறை நிரம்பியது, நீதிமன்றம் திணறியது, மேயர் வாய் திறக்க வேண்டி வந்தது. ஊர் வழக்கம்போல் நடக்க முடியாமல் செய்துவிட்டார்கள், ஒரு கல்லைக்கூட எடுக்காமல். அடியைத் தாங்கியது அதற்கான விலை. அடிமைத்தனத்தில் அடி எப்போது விழும் என்று தீர்மானிப்பவர் எதிராளி. இங்கே எந்தக் கடை, எந்த நாள், எந்த நேரம் என்று தீர்மானித்தவர்கள் மாணவர்கள். எனக்கு இந்த வித்தியாசம் போதும். எல்லோருக்கும் போதாமல் இருக்கலாம்.

எப்போதும் வென்றாரா? தோல்வியே இல்லையா?

இருக்கிறது, அதுவும் மிகக் கொடிய தோல்வி.

1962-இல் மெம்ஃபிஸ் நகரில் ஒரு தேவாலயத்துக்குப் போதகராகப் போனார். 1968 பிப்ரவரி 1 அன்று அங்கே மழைக்குக் குப்பை லாரியின் பின்புறம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள், லாரியின் நசுக்கும் இயந்திரம் தானாக இயங்கியதில் உள்ளே இழுக்கப்பட்டு இறந்தார்கள். பழுதான லாரி என்று தொழிலாளர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். பிப்ரவரி 12 முதல் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கழுத்தில் அவர்கள் மாட்டிக்கொண்ட அட்டையில் 'நான் மனிதன்' என்ற ஒற்றை வரி. இனவெறியின் அடியில் இருப்பதே ஒருவனை மனிதன் இல்லை என்று நினைப்பதுதான் என்று அவர்களிடம் பேசியவர் லாசன். போராட்டத்தின் வியூகக் குழுவுக்கும் தலைவர் அவர்தான். கிங்கை மெம்ஃபிஸுக்கு அழைத்ததும் அவர்தான்.

மார்ச் 28 ஊர்வலத்தில் பின்னால் வந்த சிலர் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். போலீஸ் பாய்ந்தது. லேரி பெய்ன் என்ற 16 வயதுப் பையன் சுட்டுக் கொல்லப்பட்டான். லாசன் கிங்கை அங்கிருந்து கிளம்பச் சொல்லிவிட்டு, ஊர்வலத்தைத் திருப்பினார். நாஷ்வில்லில் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த நூறு பேர். இங்கே ஒத்திகை பார்க்காத ஆயிரக்கணக்கானோர். என் பார்வையில் அந்த நாளின் கோளாறு அதுதான்.

அமைதியான ஊர்வலம் ஒன்றை நடத்திக் காட்ட வேண்டும் என்றே கிங் மறுபடி மெம்ஃபிஸ் வந்தார். ஏப்ரல் 3 இரவு தம் கடைசிச் சொற்பொழிவில் லாசனின் பெயரைச் சொல்லி, இந்தப் போராட்டத்துக்காகச் சிறை போனவர், பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தப்பட்டவர் என்று பாராட்டினார். மறுநாள் மாலை விடுதி மாடத்தில் சுடப்பட்டு இறந்தார். அன்று இரவு லாசன் வானொலியில் பேசி மக்களை அமைதி காக்கச் சொன்னார். தாம் அழைத்து வந்த நண்பர் செத்துக் கிடக்கும்போது அப்படிப் பேசுவது எப்படி முடிந்தது என்று நான் யோசித்ததுண்டு. ஏப்ரல் 16 அன்று நகர நிர்வாகம் தொழிற்சங்கத்தை அங்கீகரித்துச் சம்பளத்தையும் உயர்த்த ஒப்புக்கொண்டது.

கிங்கைக் கொன்றவருக்கே கல்யாணம் நடத்தி வைத்தாராமே? கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. கொலைக்குற்றத்தை ஒப்புக்கொண்டு 99 ஆண்டு தண்டனை பெற்ற ஜேம்ஸ் ஏர்ல் ரேவுக்கு 1978-இல் சிறையிலேயே திருமணம் நடந்தது. நடத்தி வைத்த போதகர் லாசன். ரே பிறகு தம் வாக்குமூலத்தை மறுத்தார். லாசனும் ரே கொலையாளி இல்லை என்றே நம்பினார். அந்த நம்பிக்கையோடு எல்லோரும் உடன்படுவதில்லை. ஆனால் சிறைக்குப் போய்ப் பார்த்தது, ஜெபித்தது, கல்யாணம் நடத்தியது எல்லாம் ஒரு போதகரின் சாதாரண வேலை என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

மீதி ஆயுளை எங்கே கழித்தார்?

லாஸ் ஏஞ்சலஸில். 1974 முதல் 1999 வரை ஹோல்மன் மெதடிஸ்ட் தேவாலயத்தின் போதகர். அந்த நகரில் ஓட்டல் பணியாளர்களுக்கும், அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்பவர்களுக்கும் அதே பழைய பயிற்சியைக் கொடுத்தார். பெரும்பாலும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தொண்ணூறு வயது தாண்டியும் அகிம்சை பற்றிய வகுப்பு எடுத்தார். 2020-இல் ஜான் லூயிஸின் இறுதிச் சடங்கில், பழைய மாணவருக்காகப் பேச வந்து நின்றபோது அவருக்கு வயது 91.

அவர் பெயரில் என்னென்ன இருக்கிறது?

நாஷ்வில்லில் 2023-இல் திறந்த ஓர் உயர்நிலைப் பள்ளி. லாஸ் ஏஞ்சலஸில் பல்கலைக்கழகத்தின் தொழிலாளர் நீதி மையக் கட்டடம், 2021-இல் பெயர் சூட்டியது. ஹோல்மன் தேவாலயத்தின் முன்னால் ஆடம்ஸ் சாலையில் ஒரு மைல் தூரம்.

துரத்திவிட்ட வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் உண்டு. 2005-இல் சிறந்த முன்னாள் மாணவர் விருது கொடுத்தது, அடுத்த ஆண்டு வருகைதரு பேராசிரியராக அழைத்தது. இன்று அங்கே அவர் பெயரில் ஓர் ஆய்வு நிறுவனமே இருக்கிறது. போக மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருக்கலாம். அவர் போய்ப் பாடம் எடுத்தார்.

நேரமில்லை, ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்றால்?

நாஷ்வில் போராட்ட நாட்களில் ஒருநாள், கீழே தள்ளி அடிக்கப்பட்ட ஒரு தோழரைத் தூக்க லாசன் போனார். கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்ட ஒருவன் அவர் முகத்தில் காறித் துப்பினான். லாசன் அவனைப் பார்த்து, கைக்குட்டை இருக்கிறதா என்று கேட்டார். என்ன செய்கிறோம் என்று உணரும் முன்பே அவன் எடுத்துக் கொடுத்துவிட்டான். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறாயா என்றார். ஆமாம் என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்த வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.